உவகையும் ஒரு மெய்ப்பாடுதான்

சில வருஷங்களுக்கு முன்பு, மலேசியத் தோட்டச் சிறுகதைகள் பற்றி நான் எழுதிய ஒரு கட்டுரையைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். 'கித்தா மரத்தோடு சேர்த்துக் கீறப்பட்ட உடல்கள்' என்றெல்லாம் எழுதியிருந்தேன். பாட்டி கெடாவில் நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏன்யா, நாங்க சிரிச்சதே இல்லையா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. பாட்டியே பேசினார். விடிவதற்கு முன் தலைவிளக்கோடு நிரைக்குப் போனது, உளி பட்டையில் சரியான ஆழத்தில் இறங்கினால் கைக்குத் தெரியும் சுகம், கொஞ்சம் அழுத்திவிட்டால் மரத்துக்குக் காயம் பட்டுவிடும் என்ற கவனம், வேலை முடிந்து ஆற்றில் கூட்டமாக விழுந்து குளித்தது, மாரியம்மன் திருவிழாவில் விடிய விடிய ஆடியது. "ஒடம்பு வலிக்கும்தான். ஆனா எல்லாம் அந்த ஒடம்பாலதானே அனுபவிச்சோம்" என்றார்.

அன்று இரவு என் கட்டுரையைத் திரும்பப் படித்தேன். அதில் உடல் என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் கூடவே வலி, காயம், சுரண்டல், நோய் வந்திருந்தது. நான் பேசிய கதைகளைத் திரும்ப எடுத்தேன். அவற்றில் சாப்பாடு இருந்தது, கேலி இருந்தது, பந்து விளையாட்டு இருந்தது, திருட்டுக் காதல் இருந்தது. நான்தான் அவற்றைத் தாண்டி 'முக்கியமான' இடங்களுக்குப் போயிருந்தேன்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. உணர்வு மெய்யில், அதாவது உடலில், தோன்றுவதே மெய்ப்பாடு. மொத்தம் எட்டு. அவற்றில் இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கும் நிலைக்களன்கள். அழுகைக்குச் சொல்லப்படுபவற்றில் இழவும் வறுமையும் உண்டு. இந்த இரண்டு மெய்ப்பாடுகளை வைத்தே தோட்ட இலக்கிய விமர்சனத்தின் பெரும்பகுதியை எழுதிவிடலாம். நான் அப்படித்தான் எழுதினேன்.

ஆனால் உவகையும் அதே பட்டியலில் இருக்கிறது. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கிலிருந்து அது பிறக்கிறது. விளையாட்டு என்பதற்கு உரைகாரர்கள் ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடித் திரிவதைச் சொல்கிறார்கள். பாட்டி சொன்ன ஆறு அங்கேயே இருந்திருக்கிறது. 1884-இல் வில்லியம் ஜேம்ஸ், நாம் வருந்துவதால் அழுவதில்லை, அழுவதால்தான் வருந்துகிறோம் என்று வாதிட்டார். அதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மகிழ்ச்சி மனசுக்குள் உண்டாகி பிறகு உடலுக்கு வரும் ஒன்று அல்ல, உடல் வழியாகவே நடக்கும் ஒன்று என்பது வரை வந்தால் போதும்.

இந்தக் கண்ணோடு இரண்டு நாவல்களிடம் திரும்பப் போனேன். கெடாக்காரரான சீ.முத்துசாமிக்கு 2017-இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்தபோது அவருடைய 'மண்புழுக்கள்' நாவலுக்குக் குறிப்பெடுத்திருந்தேன். 'மிதிபடும் உயிர்கள்' என்பது என் முதல் வரி. மண்ணைத் துளைத்து அதற்கு உயிர் கொடுப்பதும் அதே புழுதான் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அடுத்தது ம.நவீனின் 'பேய்ச்சி'. லுனாஸ் வட்டாரத்தில் நிகழும் கதை. 1981-இல் அங்கே நடந்த விஷச் சாராயச் சாவுகள் அதன் பின்னணியில் இருக்கின்றன. 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு, ஆபாசம், ஒழுக்கக்கேடு என்ற காரணங்களைச் சொல்லி அந்த நாவலைத் தடை செய்தது. தடையை எதிர்த்து நண்பர்களிடம் நிறைய பேசினேன். 'இது பாதிக்கப்பட்ட மக்களின் மொழி, அதனால் அனுமதிக்க வேண்டும்' என்பதே என் வாதம். இப்போது யோசித்தால் அது பாதி வாதம்தான். பட்ட துன்பத்தைக் காட்டித்தான் ஓர் உடல் கெட்ட வார்த்தை பேசவும், குடிக்கவும், ஆசைப்படவும் அனுமதி வாங்க வேண்டுமா? தடை செய்தவர்கள் உடலைப் பார்த்து முகம் சுளித்தார்கள். நான் அதன் மேல் இரக்கத்தைப் போர்த்தி மூடினேன்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். 'அப்படியென்றால் தோட்டத்து வாழ்க்கை சந்தோஷமானது என்கிறாயா? துரைமார்கள் நல்லவர்களா?' இல்லை. அந்தச் சந்தோஷம் தோட்டம் கொடுத்ததல்ல, தோட்டத்தையும் மீறி எடுத்துக்கொண்டது. தோட்டம் கொடுத்த சந்தோஷம் கள்ளுக்கடைதான். உழைத்துக் களைத்த உடம்புக்கு அது உடனடி ஆறுதல். கூலியாகப் போன காசு அதன் வழியாகவே திரும்பியும் வந்தது.

இதைப் புரிந்துகொண்டவர்கள் கெடாவிலேயே இருந்தார்கள். போர் முடிந்தபின், 1946 வாக்கில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தார்கள். அந்த இயக்கத்தைப் பற்றிப் படித்தபோது என்னை நிறுத்தியது அவர்களுடைய அணிவகுப்புப் பயிற்சி. இந்திய தேசிய ராணுவத்தின் தாக்கம் அதில் இருந்தது. 'குடிக்காதே' என்ற புத்திமதியோடு அவர்கள் நிற்கவில்லை. குடியை விட்ட உடம்புக்குச் செய்ய வேறொன்றைக் கொடுத்தார்கள்.

தோட்டத்தில் 'பெரட்டு' என்றொரு சொல் உண்டு. 'பரேட்' என்பதன் தோட்டத்து வடிவம். காலையில் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிற்பது. தினமும் தலை எண்ணப்படுவதற்காக நின்ற அதே ஆட்கள், மாலையில் தாங்களாகவே வரிசை கட்டி நிமிர்ந்து நின்றார்கள். இரண்டும் பரேட்தான். முதலாவது இளிவரல் என்றால், இரண்டாவதைத் தொல்காப்பியம் பெருமிதம் என்று சொல்லும். 1947-இல் போலீஸ் தாக்குதல், கைது, சிறை என்று அந்த இயக்கம் நசுக்கப்பட்டது. உயிரும் போனது. நிமிர்ந்து நின்ற உடல்களைப் பார்த்துத்தான் நிர்வாகம் பயந்தது என்று நினைக்கிறேன். குனிந்து அழுதவர்களைப் பற்றி அதற்குக் கவலை இருந்ததில்லை.

இன்று தோட்டம் இல்லை. பாட்டி சுங்கை பட்டாணியில் ஒரு அடுக்குமாடி வீட்டின் நான்காவது மாடியில் இருக்கிறார். அம்மா 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்ட் வேலை பார்த்துக் கால் வீங்கினார். நான் கணினி முன்னால் உட்கார்ந்தே சம்பாதிக்கிறேன். 2019-இன் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். நான் மன அழுத்தத்தில் விழுந்திருந்த மாதங்களில் எல்லோரும் 'மனசைத் திடமா வெச்சுக்கோ' என்றார்கள். தூக்கமும் பசியும் போன உடம்பை வைத்துக்கொண்டு மனசை மட்டும் எப்படித் திடமாக வைப்பது? மருந்தும் தேவைப்பட்டது. கூடவே நண்பன் ஒருவன் தினமும் மாலையில் வந்து என்னைப் பூப்பந்து ஆட இழுத்துப் போனான். மூன்றாவது வாரம் ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தேன். அது எதைப் பார்த்து என்றுகூட ஞாபகமில்லை.

நம் தலைமுறையில் பலர் தோட்டத்தைப் பார்க்காமலேயே தோட்டக் கதை எழுதுகிறோம். தாத்தா பாட்டிகளின் துயரம் நமக்குச் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. விமர்சகர்களும் அதற்குத்தான் மதிப்பெண் போடுகிறோம். இனி ஒரு கதையைப் படிக்கும்போது இதில் யார் கஷ்டப்படுகிறார்கள் என்பதோடு, யாருடைய உடம்பு எப்போது லேசாகிறது, அதை யார் தடுக்கிறார்கள் என்றும் கேட்கப்போகிறேன். அரசியல் இந்த இரண்டாவது கேள்வியிலும் இருக்கிறது.

போன மாதம் பாட்டியிடம் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். முட்டி வலியோடு எழுந்து, கதவு நிலையை மரமாக்கி, கையிலிருந்த கரண்டியால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். இடமிருந்து வலமாக, சரிவாக, ஒரே இழுப்பு. "அழுத்தக்கூடாது. கை தானா போகணும்" என்றார். என் கையில் கரண்டியைக் கொடுத்தார். நான் இழுத்ததைப் பார்த்து, மூச்சு வாங்கும்வரை சிரித்தார்.