லபீல்-கியாரின் பக்கம்

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பெண் ஓவியர் என்றதும் விஜே லெ புரூனின் பெயர்தான் முதலில் வருகிறது. ராணி மேரி அந்துவானெத்தை வரைந்தவர், அழகி, 1789 அக்டோபரில் மகளோடு இரவு வண்டியேறித் தப்பியவர். ஐரோப்பிய அரசவைகளில் சுற்றிவிட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பி, முதுமையில் நினைவுக்குறிப்புகளும் எழுதினார். தன் தாய்மையையே ஓயாமல் வரைந்துகொண்டிருந்தார் என்று சிமோன் த பொவ்வார் அவரைக் கடிந்துகொண்டார். அந்தக் கண்டிப்பில் நியாயம் உண்டு. ஆனால் அவரைத் திட்டியும் புகழ்ந்தும் நாம் செலவிட்ட நேரத்தில், பிரான்சை விட்டுப் போகாத இன்னொருத்தியை மறந்தோம் என்பதே என் குறை.

அதெலய்த் லபீல்-கியார். 1783 மே 31 அன்று இருவரும் ஒரே நாளில் அரச ஓவிய அகாதமியில் சேர்க்கப்பட்டார்கள். பெண்களுக்கு நான்கு இடங்கள்தான் என்பது விதி. அன்றோடு நான்கும் நிரம்பின. அதே ஆண்டு வெளிவந்த அவதூறுப் பிரசுரம் ஒன்று, லபீல்-கியாருக்கு ஓவியர் வேன்சானுடன் தொடர்பு என்றும், அவர் கை வைத்தே படங்கள் தேறுகின்றன என்றும் எழுதியது. ஒரு பெண் நன்றாகச் செய்துவிட்டால் பின்னால் ஓர் ஆணைத் தேடும் வழக்கம் நமக்கும் புதிதல்ல.

1785இல் அவர் வரைந்த தன்னுருவப் படம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆளுயரத்துக்கும் பெரிது. பளபளக்கும் பட்டு கவுனில், பெரிய தொப்பியோடு, கையில் தூரிகைகளும் வண்ணத்தட்டுமாக உட்கார்ந்திருக்கிறார். அந்த உடையில் யாரும் எண்ணெய் வண்ணம் குழைக்கமாட்டார்கள்! பட்டின் மடிப்பை இப்படி வரையத் தெரியும் என்று வாடிக்கையாளருக்குக் காட்டும் விளம்பரம் அது. உருவப்பட ஓவியரின் பிழைப்பு அப்படி. எனக்கு முக்கியமாகப் படுவது நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் இரு மாணவிகள்: காப்பே, ரோஸ்மோன். ஒருத்தி கான்வாஸைப் பார்க்கிறாள், மற்றவள் நம்மைப் பார்க்கிறாள். கான்வாஸின் பின்புறம் மட்டுமே நமக்குத் தெரிகிறது. அதில் என்ன இருக்கிறது என்பது அந்த அறைக்குள் இருக்கும் பெண்களுக்குத்தான் தெரியும்.

ஆண் ஓவியர்களுக்குக் கிடைத்ததுபோல் லூவ்ரு அரண்மனையில் இருப்பிடம் கேட்டார். இளம் பெண்கள் அங்கே வந்துபோவது ஒழுக்கத்துக்கு உகந்ததல்ல என்று மறுத்தார்கள். கற்பிப்பதே அவருக்குத் தடையானது.

புரட்சி வந்ததும் அவர் அதை வரவேற்றார். 1790இல் அகாதமிக் கூட்டத்தில் நால்வர் என்ற வரம்பை நீக்க வேண்டும் என்று பேசினார். 1791 கண்காட்சியில் ரோபஸ்பியர் உள்ளிட்ட மக்கள் பிரதிநிதிகளின் படங்களை வைத்தார். அரசரின் அத்தைகளை வரைந்த கைதானே இது, சந்தர்ப்பவாதி என்பவர்களுக்கு ஒரு கேள்வி: அரசனின் மரணத்துக்கு வாக்களித்துவிட்டுப் பின்னாளில் நெப்போலியனின் முடிசூட்டை வரைந்த தாவீதை இதே கேள்வி கேட்டீர்களா?

புரட்சி அவருக்குக் கொடுத்ததும் உண்டு. 1792இன் மணவிலக்குச் சட்டத்தால் பழைய திருமணத்திலிருந்து விடுபட்டார். பின்னர் வேன்சானையே மணந்தார். லூவ்ரில் இருப்பிடமும் 1795இல் கிடைத்தது. ஆனால் 1793 ஆகஸ்டில், அரசரின் தம்பிக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த பெரிய குழுச்சித்திரத்தை, அதற்கான பயிற்சிப் படங்களோடு, அழிப்பதற்காக ஒப்படைக்கச் சொன்னார்கள். வரலாற்று ஓவியர் என்ற மதிப்பை அவர் எதிர்பார்த்தது அந்தப் படத்தால்தான். அதே மாதம் அகாதமியும் மூடப்பட்டது. அதனிடத்தில் வந்த புதிய கல்விக்கழகத்தில் பெண்ணுக்கு நான்கு இடம்கூட இல்லை. சமத்துவத்தின் பெயரால் நான்கு பூச்சியமானது. அந்த ஆண்டு நவம்பரில்தான் ஒலாம்ப் த கூஜின் தலையும் விழுந்தது. பாரிஸின் அரசு ஓவியப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1897 ஆயிற்று.

லபீல்-கியார் 1803இல் இறந்தார். வீட்டு வேலைக்காரர்களின் மகளான காப்பே கடைசிவரை அவருடனே இருந்தாள். 1808இல் அவள் ஒரு படம் வரைந்தாள். இப்போது மியூனிக்கில் இருக்கிறது. இறந்து ஐந்து ஆண்டுகளான ஆசிரியை அதில் உயிரோடு உட்கார்ந்து ஒரு முதிய ஓவியரை வரைந்துகொண்டிருக்கிறார், சுற்றிலும் ஆண்கள். காப்பே பக்கத்தில் அமர்ந்து அவருக்கு வண்ணத்தட்டைத் தயார் செய்கிறாள், நம்மைப் பார்த்தபடி.