காவற்பெயரும் ஊரார் உரிமையும்

கல்குடாப் புகையிரத நிலையத்தினின்று ஒருபுறம் செல்லும் பாதை பொலன்னறுவைக்கும், மறுபுறம் செல்வது மட்டக்களப்புக்கும் நம்மைக் கொண்டு சேர்க்கும். பொலன்னறுவையின் பழநகரும் மட்டக்களப்பின் கோட்டையும் சட்டத்தின் காவல் பெற்றவை. அக்காவலால் விளைந்த பயன் யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பயனே இல்லை என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள்கள் கட்டளைச் சட்டம் பழஞ்சின்னங்களைச் சிதைப்பதைக் குற்றமாக்கிற்று. அஃது இன்றேல் எத்தனையோ கல்வெட்டுகள் வீடுகளுக்கு அத்திவாரமாகியிருக்கும்.

ஆயினும் காத்தல் வேறு, வாழ்வித்தல் வேறு. பொலன்னறுவையில் 11 ஆம் நூற்றாண்டில் சோழர் எடுப்பித்த வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் நிற்கின்றது. அந்நகர் 1982 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 1010 இல் நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயில் 1987 இல் அப்பட்டியலை அடைந்தது. இரண்டும் ஒரு மரபினரின் கற்றளிகள். தஞ்சையில் நாள்தோறும் வழிபாடு நிகழ்கின்றது. பொலன்னறுவையிலோ காண வருவார் பலர், காலந்தோறும் பூசனை புரியும் ஊரார் இலர். இவ்வேறுபாட்டைப் பட்டியல் உண்டாக்கவில்லை. நீக்கவும் அதனால் இயலவில்லை.

மட்டக்களப்புக் கோட்டையோ 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய அரண். கச்சேரி நெடுங்காலம் அதனுள் இயங்கியமையால், காணி முதலிய அலுவல்களுக்காக மக்கள் அதன் வாயிலைக் கடந்து சென்றனர். அயலார் கட்டிய அரண் நம்மவர்க்கு உரியதானது அப்பழக்கத்தாலன்றோ?

இனி, காவற்பெயரே அச்சத்தை விளைத்ததும் உண்டு. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைக்கென அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணிக்குப் பாதுகாப்புச் செயலாளர் தலைவரானார். நியமனத்தின்போது தமிழரோ முஸ்லிம்களோ ஒருவரேனும் அதில் இலர். நிலத்தில் வாழ்வோரைக் கேளாது எல்லைக்கல் நாட்டின், பழஞ்சின்னம் அவர்க்கு முன்னோர் செல்வமாகத் தோன்றாது. காணியைக் கவர வந்த பகையாகவே தோன்றும். அஞ்சிய உழவன் ஏர்முனையில் தட்டுப்பட்ட கல்லை அறிவியான், புதைத்துவிடுவான். அதனால் கெடுவது ஆராய்ச்சியே.

ஆகலின், ஊராரைக் கலந்து அறிவிக்கப்படும் காவலே பயன்தரும் என்பது எம் துணிபு. அரசு அதனை உணரும் வரை நாமும் வாளாவிருத்தல் தகாது. கல்குடா முதலாக நம் ஊர்களிலுள்ள பழஞ்சின்னங்களை அளந்து, படமெடுத்து, முதியோர் கூறுவனவற்றோடு பதிந்து வைக்கும் பணியை மாணவர் இவ்விடுமுறையிலேயே தொடங்குவாராக.