நான்காம் உறுப்பு: கடைசிப் படுக்கையும் தமிழ் இலக்கியமும்

இறந்தவரைப் பாடும் மரபு தமிழில் மிகப் பழையது. புலவர்கள் கையறுநிலை என்று அதற்கு ஒரு துறை வகுத்தனர். மறவர்க்கு நடுகல் நட்டனர். ஏடறியாப் பெண்களோ ஒப்பாரியில் தம் துயரத்தையெல்லாம் இறக்கி வைத்தனர். ஆனால், இறந்தவரைப் பாடிய அளவுக்கு இறந்துகொண்டிருப்பவரை நாம் பார்த்திருக்கிறோமா? இனி இந்நோய் தீராது என்று மருத்துவர் சொன்ன நாளுக்கும் உயிர் பிரியும் நாளுக்கும் இடையே சில வாரங்கள் இருக்கலாம். சில மாதங்கள் இருக்கலாம். சிலருக்கு ஆண்டுகளே இருக்கலாம். அந்த இடைக்காலத்தை நம் இலக்கியம் எப்படிக் கண்டது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து எழவில்லை. பாலகாட் லைன் வீடொன்றின் திண்ணையிலிருந்து எழுந்தது. என் சிறுவயதில் எங்கள் அண்டை வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். சுரங்கத்தில் பாறை துளைத்தவர். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் இரவெல்லாம் சுவரில் சாய்ந்து, முழங்கால் மேல் தலையணையை வைத்து, அதன்மேல் கைகளை ஊன்றி உட்கார்ந்திருப்பார். மார்கழிப் பனியிலும் அவர் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். ஒருநாள் என் தந்தையாரிடம் அவர், "தம்பி, இது போகாது இல்லையா?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒன்றுமில்லை அண்ணே, தை பிறந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு என் தந்தையார் எழுந்து வந்துவிட்டார். பெரியவர் அதன்பின் எவரிடமும் அக்கேள்வியைக் கேட்கவில்லை. தை பிறந்தது, அவர் இல்லை. வாசலில் ஒப்பாரி குறைவறப் பாடப்பட்டது.

தங்கவயல் மக்களுக்கு இக்காட்சி புதிதன்று. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-ஆம் ஆண்டில் இங்குத் தோண்டத் தொடங்கியது முதல், சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது வரை, பொன்னைச் சுமந்த படிகப் பாறையின் தூசியைத் தலைமுறை தலைமுறையாக நம்மவர் சுவாசித்தனர். சிலிகோசிஸ் என்னும் அத்தூசி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1934-இல் அறிவிக்கப்பட்டது இம்மண்ணில்தான். 1940-க்கும் 1946-க்கும் இடையே இங்கு 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளரின் மார்பை ஊடுகதிர்ப் படம் எடுத்து ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 40 பேருக்கு மேல் அந்நோய் காணப்பட்டது. நுரையீரலில் படிந்த தழும்பை நீக்க அன்றும் மருந்து இல்லை, இன்றும் இல்லை. தீராத நோயோடு எப்படி வாழ்வது, எப்படி விடைபெறுவது என்ற வினா நம் வீடுதோறும் இருந்த வினா. இலக்கியத்தினிடம் அதற்கு விடை கேட்க நமக்கு உரிமை உண்டு.

அரிசில்கிழார் காட்டும் வீடு

புறநானூற்றின் 281-ஆம் பாட்டு ஒன்பதே அடிகள் கொண்டது. பாடியவர் அரிசில்கிழார். புண்பட்டுக் கிடக்கும் வீரனின் மனைவி தன் தோழியை அழைத்துப் பேசுகிறாள். வீட்டில் இரவ மரத்தின் தழையையும் வேம்பின் தழையையும் செருகுவோம். யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கட்டும். மெல்லக் கையைப் பெயர்த்து மையிடுவோம். வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணியடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்பி அவன் புண்ணைக் காப்போம், வா என்கிறாள். பாட்டின் பொருள் இவ்வளவே.

இதனைப் பேய்க்காஞ்சி என்னும் துறையில் அடக்கினர். புண்பட்டவனைப் பேய் தீண்டும் என்பது அக்கால நம்பிக்கை. ஆதலால் இப்பாட்டைப் பழைய மூடநம்பிக்கையின் பதிவு என்று சொல்லிக் கடந்துவிடுவோர் பலர். அவ்வாறு கடப்பது பாட்டுக்கு நீதி செய்வதாகாது. பேயை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, அவ்வீட்டில் நடப்பது என்ன என்று மட்டும் பாருங்கள். நல்ல மணம் இருக்கிறது, இசை இருக்கிறது, பச்சிலையின் குளிர்ச்சி இருக்கிறது, நோயாளி நோவாதபடி மெல்ல அசையும் ஒரு கை இருக்கிறது. புண்பட்டவன் பிழைப்பானா என்று புலவர் சொல்லவில்லை. அவன் பிழைப்பான் என்ற உறுதி இருந்தால்தான் இதையெல்லாம் செய்வேன் என்று அப்பெண்ணும் சொல்லவில்லை. பயன் கருதாத பணிவிடை அது.

இன்னும் இரண்டு குறிப்புகள் நோக்கத்தக்கன. ஒன்று, அவ்வீரன் வேந்தனுக்கு வந்த துன்பத்தைத் தான் தாங்கியவன் என்று புலவர் கூறுவது. அப்புண் அவனுடையது மட்டுமன்று. பிறர்க்காக ஏற்ற புண். அதனைப் பேணுவது ஊரார் பட்ட கடன். நம் தந்தையர் நெஞ்சில் ஏறிய தூசியும் அத்தகையதே அன்றோ? மற்றொன்று, அப்பெண் தனியே இருந்து பேணவில்லை என்பது. பாட்டு முழுவதுமே தோழியை நோக்கிய அழைப்பு. நோயாளியைக் காப்பவர்க்கும் துணை வேண்டும் என்பதை அரிசில்கிழார் அறிந்திருந்தார்.

துணையற்றவர் நிலை என்ன? தொல்காப்பியம் அதையும் விட்டுவிடவில்லை. காஞ்சித் திணையின் துறைகளைச் சொல்லுமிடத்தில், கணவனின் புண்ணைப் பேய் நெருங்காதவாறு மனைவி காப்பதை ஒரு துறையாகவும், காக்கும் சுற்றம் ஒன்றும் இல்லாத புண்ணோனைப் பேயே காத்து நிற்பதை மற்றொரு துறையாகவும் வகுக்கிறது. மனிதர் கைவிட்டவனுக்குப் பேய் இரங்குகிறது! அச்சத்தின் அளவைக் காட்ட எழுந்த துறையாகவே இதனைப் பலர் கொள்வர். எனக்கோ இது மனிதர்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டாகத் தோன்றுகிறது. வட ஆர்க்காட்டிலும் சித்தூரிலும் சுற்றத்தை விட்டுவிட்டு இங்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இதன் கூர்மை எளிதில் விளங்கும்.

வள்ளுவர் வகுத்த நான்கு

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்பன அவை. நான்காமவனை உழைச்செல்வான் என்கிறார். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இயங்குபவன் என்பதே அப்பெயரின் பொருள். அவனுக்கு வேண்டிய நான்கு பண்புகளைப் பரிமேலழகர் எண்ணிச் சொல்லும்போது, நோயாளியிடத்து அன்புடைமையை முதலில் வைக்கிறார்; அறிவுடைமையை இறுதியில் வைக்கிறார்.

நோய் தீராது என்று தெளிந்த பின்னர் இந்நான்கில் எவை எஞ்சும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தீர்ப்பவன் என்ற பெயர் மருத்துவனுக்கு இனிப் பொருந்தாது. தீர்க்கும் மருந்தும் இல்லை. எஞ்சுவோர் இருவர், நோயாளியும் அவன் பக்கத்தில் இருப்பவனும். மருத்துவம் தோற்றுவிட்டது என்று நாம் கைகழுவும் அந்த நேரத்தில், வள்ளுவர் வகுத்ததில் பாதி இன்னும் நிற்கிறது. அப்பாதியை வலுப்படுத்துவதே இன்று வலிதணிப்பு மருத்துவம் என்று வழங்கும் துறையின் பணி.

மணிமேகலை இதற்கு ஓர் இடமும் காட்டுகிறது. புகாரில் உலக அறவி என்னும் அம்பலம் இருந்தது. ஊர்தோறும் பசியால் வாடினோரும், தமக்கென எவரும் இல்லாமையால் கடும்பிணியில் கிடந்தோரும் அங்கு வந்து தங்கியிருந்ததாகக் காயசண்டிகையின் வாயிலாகச் சாத்தனார் சொல்கிறார். அட்சய பாத்திரத்தை ஏந்திய மணிமேகலை அங்குதான் செல்கிறாள். பசி தீர்த்ததையே பெரிதும் பேசும் நாம், அங்குக் கிடந்தோரில் பிணியாளரும் இருந்தனர் என்பதை மறந்துவிடுகிறோம். பௌத்த சங்கம் கண்ட மாரிகுப்பத்தைத் தன்னகத்தே கொண்ட தங்கவயல், அக்காப்பியத்தின் இப்பகுதியைத் தனக்குரியதாகவே கொள்ளலாம்.

செல்லம்மாளும் பிரமநாயகம் பிள்ளையும்

இக்கால இலக்கியத்தில் இப்பொருளை நேர்நின்று பார்த்த கதை புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. 1940-களில் வெளிவந்த கதை. பிழைப்புக்காகத் திருநெல்வேலிச் சீமையை விட்டுச் சென்னைக்கு வந்து, ஜவுளிக்கடையில் சிப்பந்தியாக இருப்பவர் பிரமநாயகம் பிள்ளை. அவர் மனைவி தீராத நோயாளி. பகலெல்லாம் கடையில் உழைத்து, இரவில் வந்து சமைத்து, அவளுக்குப் பணிவிடை செய்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும், வீட்டு அரிசிச் சோறு உண்ண வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். புலம்பெயர்ந்த எவர் வீட்டு நோயாளிதான் அவ்வாறு ஆசைப்பட்டதில்லை?

இக்கதையை வெறும் விரக்தியின் வெளிப்பாடு என்று கூறுவோர் உளர். கதை அவள் மரணத்தோடு தொடங்குவதும், அவள் போனபின் பிள்ளையின் மனத்தில் ஒரு சுமை இறங்கினாற்போன்ற அமைதி தோன்றுவதும் அவர்களுக்குக் காரணங்கள். நான் இதற்கு உடன்படேன். நெடுநாள் பணிவிடை செய்தவர் உள்ளத்தில் துயரமும் ஆறுதலும் கலந்தே பிறக்கும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, மார்பில் அடித்துக்கொண்டு மறைப்பதே நம் வழக்கம். புதுமைப்பித்தன் மறைக்கவில்லை. அவரையே 1948-இல் காசநோய் கொண்டுசென்றது என்பதை எண்ணும்போது, அவ்வுண்மையின் விலை விளங்கும்.

கதையின் உச்சம் என நான் கருதுவது வேறோர் இடம். காய்ச்சல் மயக்கத்தில் செல்லம்மாள் கணவனைத் தன் தாய் என்று எண்ணிப் பேசுகிறாள்; எப்போது வந்தாய் என்கிறாள். பிள்ளை தயங்காமல் தாயாகவே விடை சொல்கிறார். தன்னைப் பற்றிய குறைகளையே மாமியாராக இருந்து கேட்டுக்கொள்கிறார். தன் பெயரையும் உரிமையையும் துறந்து, அவளுக்கு அந்நேரத்தில் யார் வேண்டுமோ அவராக ஆகிவிடுகிறார். உழைச்செல்வான் என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த உரை எனக்குத் தெரியவில்லை.

இங்கு ஓர் ஐயம் எழலாம். பிள்ளை சொன்னதும் பொய்; என் தந்தையார் சொன்னதும் பொய். ஒன்றைப் போற்றி மற்றதைக் குறை கூறுவது தகுமா? தகும் என்றே கருதுகிறேன். செல்லம்மாள் தேடியது தாயின் அருகாமை. அதைப் பிள்ளை கொடுத்தார். கொடுத்து அருகிலேயே இருந்தார். அண்டை வீட்டுப் பெரியவர் தெளிந்த அறிவோடு ஓர் உண்மையைக் கேட்டார், அதை நாம் கொடுக்கவில்லை, எழுந்தும் வந்துவிட்டோம். ஒரு பொய் நோயாளியிடம் நெருங்கிச் சென்றது. மற்றது அவரைத் தனியே விட்டது. யாரிடம் கடன் சொல்ல வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் எண்ணியிருப்பார். அந்த வாய்ப்பை நம் அன்பே பறித்துவிட்டது.

கதையில் ஒரு குறை உண்டென்றால், அது பிள்ளையின் தனிமை. அரிசில்கிழாரின் பெண்ணுக்குத் தோழி இருந்தாள். சென்னையில் பிள்ளைக்கு அப்படி ஒருவர் இல்லை. அது ஆசிரியரின் குறையன்று. அவர் கண்ட நகரத்தின் குறை.

இன்றைய உலகமும் நம் கடமையும்

லண்டனில் 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கியபோது, இறுதிநாள் நோயாளியின் வலி உடலில் மட்டும் இல்லை. மனத்திலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் கலந்திருக்கிறது என்றார். நம் நாட்டில் 1986-இல் மும்பையில் சாந்தி அவேதனா தோன்றியது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, அண்டை அயலாரே பயிற்சி பெற்று வீடு தேடிச் செல்லும் இயக்கமாகக் கேரளம் முழுதும் பரவியது. பெங்களூரில் கருணாஸ்ரயா 1999 முதல் முற்றிய புற்றுநோயாளரைக் கட்டணம் வாங்காமல் பேணிவருகிறது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தால் அரிதாகிப்போன மார்பின் மருந்து, 2014-இல் சட்டம் திருத்தப்பட்டபின் ஓரளவு எளிதாகியிருக்கிறது. மருத்துவர் அளந்து தரும் சிறு அளவு மார்பின் வலியை மட்டுமன்றி மூச்சுத்திணறலின் வேதனையையும் தணிக்கும். முகத்தில் படும் விசிறிக் காற்றும் அத்திணறலைக் குறைக்கும் என்று இன்று ஆய்ந்து சொல்கிறார்கள். உயிர் போன பின்னும் செல்லம்மாளின் முகத்தருகே விசிறியோடு அமர்ந்திருந்த பிரமநாயகம் பிள்ளை என் நினைவுக்கு வருகிறார்.

இவ்வளவு கண்டபின் நம் இலக்கியத்தின்மீது எனக்கு ஒரு பெருமையும் ஒரு மனக்குறையும் எஞ்சுகின்றன. பணிவிடையின் இலக்கணத்தை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்த மொழி இது என்பது பெருமை. ஒப்பாரிக்கு இடம் தந்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட நோய்ப்படுக்கைக்கு நம் எழுத்தாளர் தரவில்லை என்பது குறை. சுவரில் சாய்ந்து விடியலுக்காகக் காத்திருந்த சுரங்கத் தொழிலாளியின் இரவுகளை எழுதும் கடமை, அவ்விரவுகளை அருகிருந்து கண்ட இவ்வயலின் பிள்ளைகளுக்கே முதலில் உண்டு.

எழுத்தோடு மட்டும் அக்கடமை முடிந்துவிடாது. இன்று நம் பிள்ளைகளில் பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகின்றனர். பகலெல்லாம் வீட்டில் முதியவர் தனித்திருக்கின்றனர். நம் தெருவிலும் ஒரு கதவு பனியில் திறந்தே கிடக்கலாம். அந்த வீட்டுக்குள் சென்று உட்காரவும், நோயாளி கேட்கும் கேள்விக்கு முகம் திருப்பாமல் விடை சொல்லவும், காத்துக் களைத்தவரைச் சற்று உறங்கச் சொல்லவும் பெரும் பொருள் வேண்டியதில்லை. அரிசில்கிழாரின் பெண் தன் தோழியை அழைத்தது இதற்காகத்தான்.