தாமதத்துக்கு ஏது திணை?

விழுப்புரம் காத்திருந்து பழகிய ஊர். சென்னையிலிருந்து தெற்கே வரும் ரயில்பாதை இங்கேதான் கிளை பிரிகிறது: விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று, கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று. வடக்கே திண்டிவனத்தில் சாலைகள் பிரிகின்றன. இணைப்பு வண்டியைத் தவறவிடுவது இந்த இரண்டு ஊர்களுக்கும் அன்றாடச் செய்தி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. இத்தகைய நாள்களில் ரத்தான வண்டிகளின் எண்களை அறிவிப்பார்கள், மாற்றுப்பாதையை அறிவிப்பார்கள். தனியாக வந்த பெண் அன்றிரவு எங்கே உட்காருவாள் என்பது எந்த அறிவிப்பிலும் வராது.

நான்கு மணி நேரம் தாமதமாக வீடு வரும் இளைஞனுக்குச் சொல்ல ஒரு கதை கிடைக்கிறது. அதே வண்டியில் வந்த பெண்ணிடம் விளக்கம் கேட்கிறார்கள். எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய், ஏன் போனை எடுக்கவில்லை? அடுத்த பயணத்துக்கான அனுமதி அந்த விளக்கத்தில் தொங்குகிறது. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தெரியாத நாட்டுக்குத் தனியே போய்வர ஆசைப்படும் மாணவிகள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். விசாவும் பணமும் பிறகு வரும் சிக்கல்கள். “வழியில் வண்டி நின்றுபோனால் என்ன செய்வாய்?” என்ற வீட்டுக் கேள்விதான் முதல் தடை. இந்தக் கேள்விக்கு நாம் படிக்கும், படிப்பிக்கும் இலக்கியத்துக்கும் பங்குண்டு.

தமிழ் அகமரபில் முல்லையின் உரிப்பொருள் இருத்தல், பாலையின் உரிப்பொருள் பிரிதல். பொருள் தேடிப் பிரிபவன் அவன். கார்காலம் வந்தும் அவன் வரவில்லையே என்று வீட்டிலிருந்து வருந்துபவள் அவள். பாலைநிலத்தில் அவள் நடப்பது உடன்போக்கில், அவனோடுதான். கடல்வழிப் பயணத்தில் அதுவும் கூடாது என்று தொல்காப்பிய அகத்திணையியல் விதிக்கிறது. ஆதிமந்தியைப் போல வழியில் அலைந்த பெண்ணும் காணாமல்போன கணவனைத் தேடித்தான் அலைந்தாள். தாமதம் அவனுடையது, வலி அவளுடையது என்ற ஏற்பாட்டில், சொந்தப் பயணம் தடைப்பட்டு வழியில் நிற்கும் பெண்ணுக்கு ஐந்திணையில் இடமில்லை. இந்த வாசிப்புப் பழக்கம் நூலோடு நிற்பதுமில்லை. பேருந்து நிலையத்தில் தனியே நிற்கும் பெண்ணைப் பார்க்கும் கண், “யாருக்காக நிற்கிறாள்?” என்றே இன்றும் கேட்கிறது.

புறத்தில் ஒருத்தி இருக்கிறார். புறநானூற்றின் 206ஆம் பாடலில் அதியமானின் வாயிலில் ஔவை காக்கவைக்கப்படுகிறார். பரிசில் தாமதமாகிறது. அவர் வாயில்காவலனைக் கூப்பிட்டு, உன் அரசனுக்குத் தன்னையும் தெரியவில்லையா, என்னையும் தெரியவில்லையா என்கிறார். யாழை எடுத்தாயிற்று, பையைக் கட்டியாயிற்று, தொழில் தெரிந்தவர்களுக்கு எந்தத் திசையிலும் சோறு உண்டு என்று சொல்லிவிடுகிறார். ஆனால் 101ஆம் பாடலில் அதே ஔவை, பரிசில் வர நாளானாலும் அது யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்துக்கொண்ட கவளம் போன்றது, தவறாது என்று நெஞ்சைத் தேற்றுகிறார். எந்தத் தாமதம் பொறுக்கத் தக்கது, எந்தத் தாமதம் அவமதிப்பு என்பதை அவரே முடிவு செய்கிறார். தனியே பயணம் செய்பவளுக்கு இதைவிடப் பயன்படும் பாடம் வேறில்லை. நாமோ இரண்டையும் பாடாண்திணை என்று எழுதிப்போட்டு அதியமானின் கொடைச் சிறப்புக்கு நகர்ந்துவிடுகிறோம். பாடாண் என்பது பாடப்படும் ஆணின் சிறப்பைச் சொல்லும் திணை. அவள் வாசலில் நின்ற நேரமும் அவன் கணக்கில் வரவாகிவிட்டது.

89ஆம் பாடலில் பகையரசன் விளிக்கும் இளம் விறலியை ஔவையாகவே வாசிப்பவர்கள் உண்டு. பின்வந்த மரபுக்கு அந்த இளமை ஒத்துவரவில்லை. திருமணத்திலிருந்து தப்ப முதுமையை வேண்டிப் பெற்றவள் என்ற கதை, பல காலத்து ஔவைகளையும் ஒரே கிழவியாக்கியது. 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’ படம் அந்த உருவத்தை ஊர்தோறும் நிலைநிறுத்தியது. பெரியபுராணத்தில் காரைக்கால் அம்மையார் கயிலைக்குத் தனியே போவது பேய்வடிவம் பெற்ற பிறகு. மணிமேகலை வஞ்சியில் சமயவாதிகளிடம் போவது தவசி வேடத்தில். இளம் பெண்ணுடலைக் கழற்றி வைத்தால் பாதை திறக்கும் என்பது நிபந்தனை. நம் காலத்து மாற்றுருக்கள் எளியவை: கல்யாணமானவள் என்று காட்ட ஒரு மோதிரம், மறுமுனையில் யாருமில்லாத போன் பேச்சு, முன்பின் தெரியாத குடும்பத்தின் அருகே அவர்களில் ஒருத்தியைப் போல் உட்காருவது.

தாமதத்தை மறைக்காமல் எழுதிய பெண் ஒருவர் உண்டு. 1889 நவம்பர் 14 அன்று ஒரே ஒரு கைப்பையோடு நியூயார்க்கிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட பத்திரிகையாளர் நெல்லி பிளை. பெண்ணுக்குத் துணை வேண்டும், பெட்டிகளும் ஏராளமாக வரும் என்று பத்திரிகை நிர்வாகம் முதலில் தயங்கியது. கொழும்பில் வேறொரு கப்பலுக்காக அவர் 5 நாள் காத்திருக்க நேர்ந்தது. அந்தத் தாமதத்தையே அத்தியாயத் தலைப்பாக்கினார், கண்டிக்கும் போய்வந்தார். 72 நாளில் பயணத்தை முடித்தார். அவரிடம் தங்க நாணயங்கள் இருந்தன, தங்க நல்ல ஓட்டல் இருந்தது, பிரிட்டிஷ் காலனியில் கதவு திறக்கும் வெள்ளைத் தோலும் இருந்தது. அதே காலத்தில் கங்காணிகளின் கீழ் மன்னார்ப் பக்கம் கரையிறங்கிய தமிழ்ப் பெண்கள் மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே நின்றுபோனவர்கள் பலர். அவர்களுடைய தாமதத்துக்கு யாரும் அத்தியாயம் எழுதவில்லை. ஆகவே தனிப்பயணத்தைப் பேசும்போது பெண் என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தச் சாதி, எந்த நிறம், கையில் எவ்வளவு பணம் என்பதும் காத்திருப்பின் தன்மையைத் தீர்மானிக்கிறது.

மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளிவந்த ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற நூலில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் ஒன்றைக் காட்டினார்கள்: பொதுவெளியில் பெண் தனக்கு ஒரு வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தாமதம் பறிப்பது இந்தக் காரணத்தைத்தான். நகர்ந்துகொண்டிருக்கும் வரை அவள் பயணி; நின்றதும் சந்தேகத்துக்குரியவள். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது பெரிய மாற்றம். ஆனால் அந்தச் சலுகை ஓடும் பேருந்துக்கானது. பேருந்து வராத நேரத்துக்கு விளக்கும் இருக்கையும் பூட்டாத கழிப்பறையும் வேண்டும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்வதையும் திறமை என்றே நம் பெண்களுக்குக் கற்றுத்தந்திருக்கிறோம்.

இருட்டுமுன் போய்ச்சேர், பணத்தை இரண்டு இடத்தில் வை, ஒருநாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள் என்ற அறிவுரைகள் தவறானவை அல்ல. ஆனால் அவை ஊர் செய்ய வேண்டியதையும் அவள் தலையில் ஏற்றுகின்றன. வெள்ளம் வந்தாலும், விமானம் ரத்தானாலும், அது அவளுடைய திட்டமிடலின் குறையாகிவிடுகிறது. பத்திரமாக இருப்பதற்கான வழிகளைச் சொல்லிக்கொடுப்போம். கூடவே, தாமதமாவதற்கும் அவளுக்கு உரிமை உண்டு என்பதையும் சொல்வோம்.

206ஆம் பாடலை அடுத்த முறை நடத்தும்போது அதியமானில் தொடங்க வேண்டாம். வாயிலில் அவர் எவ்வளவு நேரம் நின்றார், உட்கார இடம் கொடுத்தார்களா, பையைக் கட்டியபோது பொழுது சாய்ந்திருந்ததா என்று கேட்டுத் தொடங்கலாம். பாடலில் பதில் இருக்காது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வண்டி மாறி வகுப்புக்கு வரும் மாணவிகளிடம் இருக்கும்.