வரலாறு படிக்க எந்த மதிப்பெண்?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் பேச்செல்லாம் கட்-ஆஃப் பற்றித்தான். பி.காம். கேட்பவர்களுக்கு நடுவே, ஐ.ஏ.எஸ்., டி.என்.பி.எஸ்.சி. கனவோடு பி.ஏ. வரலாறு கேட்பவர்களும் உண்டு. சிலருக்கு 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னை கிறித்துவக் கல்லூரியில் ஆசை, சிலருக்கு மாநிலக் கல்லூரியில். இடம் கிடைப்பது பெரும்பாலும் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பொறுத்தது. இந்த முறை நியாயமானதா என்பது ஒரு கேள்வி. வரலாற்றுப் படிப்புக்குப் பொருந்துகிறதா என்பது வேறு கேள்வி.

முதல் கேள்விக்கு ஆம் என்றே சொல்லலாம். தனிப் பயிற்சி மையம் வேண்டாம், தனித் தேர்வுக் கட்டணம் வேண்டாம். அரசுக் கல்லூரிகளில் தரவரிசைப் பட்டியலும் 69 சதவீத இட ஒதுக்கீடும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கின்றன. செங்கல்பட்டைத் தாண்டிய கிராமத்து மாணவியும் வேளச்சேரி மாணவனும் ஒரே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள். தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத்தேர்வை 2007இல் தமிழ்நாடு கைவிட்டதும் இந்த நியாயத்தை முன்வைத்துத்தான்.

இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல். அரசுக் கல்லூரிகளில் வரலாற்றுக்கான தரவரிசை, மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துப் போடப்படுகிறது. ஒருவர் வரலாற்றில் 75, பொருளியலில் 95, வணிகவியலிலும் கணக்குப்பதிவியலிலும் நூற்றுக்கு நூறு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம், கூட்டினால் 370. இன்னொருவர் வரலாற்றில் 98, மற்றவற்றில் 92, 88, 85, கூட்டினால் 363. வரலாற்று வகுப்புக்கு முதலில் அழைக்கப்படுபவர் முன்னவர். மூன்று வருடமும் படிப்பதும் எழுதுவதுமாகவே கழியப்போகும் பட்டப்படிப்புக்குத் தமிழ், ஆங்கில மதிப்பெண் கணக்கிலேயே வராது.

வரலாற்று மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டாலும் குறை தீராது. 90 மதிப்பெண் எழுத்துத்தேர்வில் 20 மதிப்பெண் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதற்கே போகிறது. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை நெட்டுரு போட்டவருக்கு மீதியும் பெரிய பாடில்லை. 1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். ‘கண்டெடுத்தவர் யார்?’ என்று கேட்டால் நினைவாற்றல் தெரியும். அந்தக் கல்லின் படத்தைக் கொடுத்து, ‘இதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது?’ என்று கேட்டால்தான் வரலாற்று மாணவர் தெரிவார். முன்பின் பார்த்திராத ஆவணத்தைக் கொடுத்து எழுதச் சொல்லும் தேர்வை ஆக்ஸ்ஃபோர்டு பல ஆண்டுகள் நடத்தியது இதற்காகத்தான்.

அப்படியானால் நுழைவுத்தேர்வு வைக்கலாமா? மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022இல் வந்த கியூட் தேர்வு, டெல்லி பல்கலைக்கழகத்தில் 100 சதவீதம் வரை ஏறிப்போன கட்-ஆஃப் கூத்துக்கு முடிவுகட்டியது உண்மை. ஆனால் அதுவும் விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வே. வாதத்தைக் கோத்து எழுதும் திறனை அது தொடுவதே இல்லை. போதாக்குறைக்கு என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டத்தை ஒட்டி அமைவதால் மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்குப் பாதகம். அதை எதிர்த்து 2022 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டதில் நியாயம் இருக்கிறது.

மாற்றம் இருக்கும் முறைக்குள்ளேயே சாத்தியம். வரலாற்றுக்கான தரவரிசையில் ஒரு மொழிப்பாட மதிப்பெண்ணையும் சேர்க்கலாம். இதனால் வரலாறு படிக்காத அறிவியல் பிரிவு மாணவருக்கும் கதவு மூடாது. பிளஸ் டூ வரலாற்றுத் தேர்வின் ஐந்து மதிப்பெண் வினாக்களில் ஒன்றையாவது கல்வெட்டு, கடிதம், படம் போன்ற சான்றை வைத்துக் கேட்கலாம். ஏராளமான விடைத்தாள்களில் அதை ஒரே சீராகத் திருத்துவது சிரமம்தான், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் வேண்டும். ஆனால் நுழைவுத்தேர்வு வேண்டாம் என்று சொல்லும் மாநிலம், தன் பொதுத்தேர்வைச் செம்மைப்படுத்தும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது.