மென்பொருள் உத்தியோகமும் நேர்முகப் பரீட்சையும்

மென்பொருள் எழுதும் உத்தியோகத்தை நாடிச் செல்வோரிடம் நேர்முகத்தில் கேட்கப்படும் வினாக்கள் சென்னையிலும் கொழும்பிலும் பெரும்பாலும் ஒன்றே; எழுத்துச் சரத்தைத் தலைகீழாகத் திருப்பு, தரவுத்தளத்தில் இரண்டாவது பெரிய சம்பளத்தைக் கண்டுபிடி என்பனவற்றுக்குத் தேசபேதம் கிடையாது. ஆயினும் அபேட்சகர் எவ்வழியாக அந்த அறைக்குள் வந்து சேர்ந்தார் என்பதிலே பெரிய வித்தியாசம் உண்டு. நேர்முகத்தின் சுபாவத்தை நிர்ணயிப்பது அந்த வழியே என்பது என் அபிப்பிராயம்.

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொறியியற் பட்டம் பெறுவோர் தொகை மிகப் பெரிதாகையால், கல்லூரி வளாகத்துக்கே வந்து ஆள் எடுக்கும் பெரிய ஸ்தாபனங்களுக்கு முதற் காரியம் கழித்தல். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகிய மூன்றிலும் 60 சதவீதம் உண்டா, அரியர் (தேறாத பாடம்) ஏதும் நிற்கிறதா என்ற கணக்கிலேயே பலர் உதிர்ந்துவிட, எஞ்சியவர்கள் டி.சி.எஸ். நிறுவனம் நடத்தும் தேசியத் தகுதித் தேர்வு போன்ற கணினிப் பரீட்சையில், ரயில் பாலத்தைக் கடக்கும் நேரத்தையும் குழாய் தொட்டியை நிரப்பும் நேரத்தையும் நொடியில் சொல்லியாக வேண்டும். (ஆர்.எஸ். அகர்வாலின் கணக்குப் புத்தகம் விடுதி அறைகளில் கிடப்பது இதனாலேயே. அந்த ரயிலுக்கும் மென்பொருளுக்கும் என்ன சம்பந்தமோ!) இவ்வளவும் கடந்து வருபவரோடு சாவகாசமாகச் சம்பாஷிக்கத் தேர்வாளருக்கு அவகாசம் கிடைப்பது அபூர்வம். பட்டத்தைப் பெரிதாக மதியாத ஜோஹோ நிறுவனம் இதற்கு விலக்கு; வாடகைக் கார் அமர்த்துதல், ரயில் முன்பதிவு போன்ற ஒரு முழு நிரலைச் சில மணி நேரம் உட்கார்ந்து எழுதிக் காட்டச் சொல்லும் அந்தச் சுற்றிலே, மனப்பாடம் செய்த விடை எதுவும் கைகொடுப்பதில்லை.

இலங்கையிலோ, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் பட்டப்படிப்பின் நடுவே ஏறத்தாழ ஆறு மாதம் தொழிற்பயிற்சி பெற்றாக வேண்டுமாகையால், மெய்யான நேர்முகம் அந்தப் பயிற்சிக்கானதே எனலாம். அங்கே சாமர்த்தியம் காட்டியவருக்குப் பட்டம் கைக்கு வருமுன்னரே வேலை நிச்சயமாகிவிடுவதுண்டு. துறையும் சிறிது. விசாரிப்பவர் அதே பீடத்தில் சில ஆண்டுகள் முன்னே படித்தவராக இருக்கக்கூடும். அவரிடம் புளுகு செல்லாது. அத்தோடு, கூகுளின் கோடைகாலத் திறந்த மூல நிரலாக்கத் திட்டத்துக்குப் பல ஆண்டுகள் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொறட்டுவை. திறந்த மூல மென்பொருளையே தொழிலாகக் கொண்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் கொழும்பில் 2005இல் தோன்றியது. நிரலைப் பிறர் பார்க்கத் திறந்து வைக்கும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் தேர்வாளராக அமரும் இடத்தில், நீர் செய்த புரொஜெக்டைத் திறந்து வைத்து, இந்தத் தரவுத்தளத்தை ஏன் தெரிவு செய்தீர், இப்பகுதியை எழுதியது நீர்தானா என்று துருவித் துருவிக் கேட்பது ஆச்சரியமன்று.

கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்து மாணவருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழ்நாட்டுத் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்தவர் ஆங்கிலத்தில் தடுமாறினால், எதிரே இருப்பவர் இரக்கப்பட்டு, ‘தமிழிலேயே சொல்லுங்க, பரவாயில்லை’ என்று விடுவதுண்டு. சிங்களம் பேசும் தேர்வாளர் முன் கிளிநொச்சியிலிருந்து வந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. இவர் தமது சிந்தனையை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிக்கொண்டே நிரல் எழுதப் பழகுதல், நூறு புதிர்களை அவிழ்ப்பதைக் காட்டிலும் பிரயோஜனமானது.

சம்பளப் பேச்சில், சென்னையில் சொல்லப்படும் ‘சி.டி.சி.’ (ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்னும் தொகையில் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி முதலியனவும் அடங்குமாதலால், மாதந்தோறும் கைக்கு வருவது எவ்வளவு என்று கேட்டறிதல் உசிதம். 2022இல் இலங்கை ரூபாய் சரிந்தபோது கொழும்புக் கம்பனிகள் சில சம்பளத்தின் ஒரு பகுதியை டொலரோடு பிணைத்தன. அந்த ஏற்பாடு இன்னும் உண்டா என்று கூச்சமின்றிக் கேட்கலாம், அதற்காக எவரும் வேலையை மறுப்பதில்லை.