கையொப்பமிட்டது கணக்கு!

2018 அக்டோபர்த் திங்களில், நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலக்கூடத்தில் ‘எட்மண்ட் தெ பெலாமி’ என்னும் உருவப்படம் 4,32,500 டாலருக்கு விலை போயிற்று. மங்கிய முகம், நிறைவுறாத ஓரங்கள், மூலையிலே கையொப்பமோ ஒரு கணித வாய்பாடு! மனித மூளை தீட்டியதன்று எனப் பறைசாற்றினர், உலகம் வாய்பிளந்தது.

நாமும் வாய்பிளப்பதா? 14 முதல் 20-ஆம் நூற்றாண்டு வரை மாந்தர் தீட்டிய 15,000 உருவப்படங்களை, பாரிசு இளைஞர் மூவர் செயற்கை நுண்ணறிவுக்கு ஊட்டினர். அதன் பின்னரே பிறந்தது இம்முகம். தீட்டிய கைகள் எத்தனை எத்தனை! அவற்றுள் ஒன்றுக்கேனும் அந்த மூலையில் இடமுண்டா? உழுதவனை மறந்து களஞ்சியத்தை வாழ்த்துவது முறையோ!

பொறியை வெறுப்பவரல்லோம் நாம். அற்புதம் என்றதும் நம்பிவிடுபவரும் அல்லோம். விலையைப் பொறித்தோர், அந்த 15,000 படங்களின் உழைப்பையும் அருகிலே பொறிக்கட்டும். பிறகு மதிப்பிடுவோம் கலையை!